தங்கமீன் தொட்டியில் ஒட்டுண்ணி: கண்டுபிடிப்பதும் விரட்டுவதும்

வண்ண மீன் கடைக்குப் போய் "தொட்டி மீன் உரசிக்கிட்டே இருக்கு, மருந்து குடுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் நீல நிறச் சொட்டு மருந்து ஒன்று கைக்கு வரும். தொட்டி எத்தனை லிட்டர், உடம்பில் புள்ளி இருக்கிறதா, சமீபத்தில் புதுமீன் விட்டீர்களா என்ற கேள்விகள் வருவது அபூர்வம். மருந்தை ஊற்றுவோம். நாலு நாள் மீன் தெளிவாகத் திரியும். பத்தாம் நாள் பழைய கதை. உடனே மருந்து போலி என்று முடிவு கட்டிவிடுவோம்.

பல நேரம் மருந்தின் மேல் குற்றமே இருக்காது. மீனைத் தாக்கும் ஒட்டுண்ணிகளில் பலவும் வாழ்க்கையின் ஒரு பகுதியை மீன் மேலும், மறு பகுதியைத் தண்ணீரிலோ தொட்டிச் சுவரிலோ கழிப்பவை. நாம் ஊற்றும் மருந்து அதில் ஏதாவது ஒரு கட்டத்தில் இருப்பவற்றைத்தான் கொல்லும். மற்றவை பத்திரமாக இருந்து திரும்ப வரும். ஆக, வந்திருப்பது எந்த ஒட்டுண்ணி, அது எந்தக் கட்டத்தில் மருந்துக்கு மாட்டும், அந்தக் கட்டம் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மருந்தின் பெயர் அதற்கு அப்புறம்தான்.

இங்கே பேசப்போவது வெளியில் இருக்கும் தொட்டிகளைப் பற்றி: வீட்டு முன்னால் கட்டிய சிமென்ட் தொட்டி, மொட்டைமாடி டப், அல்லி வைத்த சின்னக் குளம். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. குளிர்காலம் முடிந்து தண்ணீர் 10 டிகிரியைத் தாண்டும்போது நோய் வரும், ஹீட்டர் போட்டு சூட்டை ஏற்றுங்கள் என்பார்கள். சென்னையிலோ மதுரையிலோ நிழல் இல்லாத தொட்டியில் தண்ணீர் சாதாரணமாகவே 30 டிகிரியை எட்டிவிடும். ஒட்டுண்ணியின் வளர்ச்சியை நிர்ணயிப்பது தண்ணீரின் சூடுதான். அங்கே ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும் சுழற்சி இங்கே ஒரு வாரத்தில் முடியும். அவர்கள் சொல்லும் நாள் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால், இரண்டாவது முறை மருந்து போடும் முன்பே அடுத்த தலைமுறை மீன் மேல் ஏறியிருக்கும்.

முதலில் தண்ணீர்

மீன் கல்லில் உரசுகிறது, மேலே வந்து வாயைப் பிளக்கிறது, துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு மூலையில் நிற்கிறது. இந்த மூன்றும் ஒட்டுண்ணியின் அறிகுறிகள்தான். கெட்ட தண்ணீரின் அறிகுறிகளும் இவையேதான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ நேராகத் திறந்துவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் எல்லா மீனும் இப்படித்தான் நடந்துகொள்ளும். அப்போதே மேலெடுத்த போர்த் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பதும் உண்டு. அதனால் எப்போது தொடங்கியது, எத்தனை மீனுக்கு என்று முதலில் பாருங்கள். எல்லா மீனுக்கும் ஒரே நாளில், அதுவும் தண்ணீர் மாற்றிய அன்றே தொடங்கினால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். ஒரு மீனில் தொடங்கி நாலைந்து நாளில் மற்றவற்றுக்கும் பரவினால் ஒட்டுண்ணியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அம்மோனியாவைப் பார்க்கும் கிட் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. கூடவே தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவும் தெரிய வேண்டும், ஏனென்றால் அம்மோனியாவின் நச்சு அதைப் பொறுத்தது. 30 டிகிரித் தண்ணீரில் பிஹெச் 7 இருந்தால், மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் 100-இல் 1 பங்குக்கும் குறைவு. அதே தண்ணீரில் பிஹெச் 8.5 ஆனால் அது 5-இல் 1 பங்கு. பாசி பிடித்துப் பச்சையான தொட்டியில் மதிய வெயிலில் பிஹெச் இந்த அளவுக்கு ஏறிவிடும். காலையில் ஒன்றும் இல்லை, மூன்று மணிக்கு மீன் துடிக்கிறது என்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜன் கதை இதற்கு நேர் எதிர். பாசியும் செடியும் இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், விடியற்காலையில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். ஐந்து மணிக்கு எல்லா மீனும் மேலே வந்து வாய் பிளந்து, எட்டு மணிக்குச் சரியாகிவிட்டால் ஏர் பம்ப் போதும், மருந்து வேண்டாம். நல்ல வெயில் ஏறிய பிறகும் ஒன்றிரண்டு மீன்கள் மட்டும் மோட்டார் தண்ணீர் விழும் இடத்தில் நின்றுகொண்டு வேகமாகச் செவுளை அடித்தால், செவுளில் ஏதோ இருக்கிறது.

மீனை எப்படிப் பார்ப்பது

கண்ணாடித் தொட்டி என்றால் பக்கவாட்டில் பார்க்கலாம். சிமென்ட் தொட்டியில் மேலிருந்து முதுகு மட்டும்தான் தெரியும். வயிற்றிலும் துடுப்பின் அடியிலும் மீன் பேன் ஒட்டியிருந்தால் கண்ணில் படவே படாது. கடையில் மீன் போட்டுத் தருவார்களே, அந்தக் கண்ணாடி போன்ற பாலிதீன் கவர்தான் இதற்குக் கைகொடுக்கும். தொட்டித் தண்ணீரையே கொஞ்சம் எடுத்து, ஒரு மீனைக் கவரில் விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். இரண்டு பக்கமும், வால், துடுப்பின் அடி, செவுள் மூடியின் ஓரம் எல்லாம் தெளிவாகத் தெரியும். செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் படம் எடுத்துக்கொண்டு மீனை உடனே திருப்பி விட்டுவிடலாம்.

இந்த இடத்தில் பலரும் ஏமாறும் விஷயம் ஒன்று உண்டு. ஆண் தங்கமீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும், முன் துடுப்பின் முதல் முள்ளிலும் சின்னச் சின்ன வெள்ளைப் பருக்கள் தோன்றும். அது நோயே இல்லை, ஆண் என்பதற்கு அடையாளம். வரிசையாக, அந்த இரண்டு இடங்களில் மட்டும் இருந்து, மீனும் சுறுசுறுப்பாகப் பெண் மீன்களைத் துரத்திக்கொண்டிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பாருங்கள். நன்றாக இருக்கும் ஆண் மீனுக்கு வெள்ளைப்புள்ளி மருந்து போடுவது அடிக்கடி நடக்கிறது.

வெள்ளைப்புள்ளி

உண்மையான வெள்ளைப்புள்ளி நோயில் உடம்பு, வால், துடுப்பு எங்கும் உப்புத்தூள் தூவியது போலப் புள்ளிகள் சிதறி இருக்கும். மீன் வளர்ப்பவர்கள் இதைச் சுருக்கமாக இக் என்பார்கள். இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்ற ஒருசெல் உயிரிதான் காரணம். ஒவ்வொரு புள்ளியும் மீனின் தோலுக்கு அடியில் புதைந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஓர் உயிரி. அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை வளரும். வளர்ந்து முடிந்ததும் தோலைக் கிழித்து வெளியேறி, தொட்டியின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறையைக் கட்டிக்கொள்ளும். உறைக்குள் இரண்டு, நான்கு, எட்டு என்று பிரிந்து, நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரம் வரைகூட குஞ்சுகள் வெளியே வரும். இரண்டு நாளைக்குள் ஒரு மீனைப் பிடிக்க முடியாத குஞ்சுகள் பெரும்பாலும் செத்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? தோலுக்கு அடியில் இருக்கும்போது தண்ணீரில் கலந்த மருந்து அதைத் தொடாது. உறைக்குள் இருக்கும்போதும் அப்படியே. நீந்தித் திரியும் அந்தக் குஞ்சுப் பருவத்தில் மட்டுமே அது மாட்டும். மருந்து போட்ட மறுநாள் புள்ளிகள் இன்னும் இருக்கின்றனவே என்று அளவைக் கூட்டுவதில் அர்த்தம் இல்லை. அவை விழுந்து போக வேண்டிய நேரத்தில்தான் விழும். புள்ளி எல்லாம் மறைந்துவிட்டதே என்று நிறுத்துவதும் அதே தவறு. மறைந்தவை அடியில் உறைக்குள் பெருகிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் 25 டிகிரியை ஒட்டி இருந்தால் முழுச் சுழற்சியும் ஒரு வாரத்துக்குள் முடியும். இரண்டு மூன்று சுழற்சிகளை மூடும் அளவுக்கு, அதாவது இரண்டு வாரம், மருந்து தண்ணீரில் தொடர்ந்து இருந்தால் தப்பிக்க வழியில்லை.

தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் இந்த உயிரியின் பெருக்கம் தடைப்படும். நம் ஊரில் மே மாதத்தில் இது அதிகம் தொல்லை தராமல், ஐப்பசி மழைக்கு அப்புறம் தண்ணீர் திடீரென்று குளிர்ந்ததும் கிளம்புவதற்கு இது ஒரு காரணம். அதற்காகத் தொட்டியைச் சூடாக்கக் கிளம்பாதீர்கள். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். செவுள் புண்ணான மீனுக்கு அந்தக் குறைவைத் தாங்க முடியாமல் போகலாம்.

தொடங்குபவர்களுக்கு என் முதல் தேர்வு கல்லுப்பு. நீலச் சொட்டு மருந்தான மெத்திலீன் ப்ளூ முட்டையில் பூஞ்சை வராமல் காக்கத் தோதானது. பெரிய தொட்டியில் வெள்ளைப்புள்ளிக்கு அதை நம்ப முடியாது, ஃபில்டரில் வளரும் நல்ல பாக்டீரியாவையும் கெடுக்கும். உப்பு அப்படி இல்லை. லிட்டருக்கு 3 கிராம் வரை தங்கமீனும் தாங்கும், ஃபில்டரும் தாங்கும். அயோடின் சேர்த்த உப்பாக இருந்தாலும் பரவாயில்லை, அதில் இருக்கும் அயோடின் மிகமிகக் கொஞ்சம். மணமும் நிறமும் சேர்த்த குளியல் உப்புதான் கூடாது.

அளவு போட முதலில் தொட்டியின் கொள்ளளவு தெரிய வேண்டும். "ஒரு ஆயிரம் லிட்டர் இருக்கும்" என்று கண்ணளவில் சொல்லப்படும் தொட்டிகள் அளந்து பார்த்தால் எப்படி எப்படியோ இருக்கும். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, 28.3-ஆல் பெருக்குங்கள். 6 அடி, 4 அடி, தண்ணீர் 2 அடி என்றால் 48 கன அடி, சுமார் 1,360 லிட்டர். சுவரின் உயரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள், தண்ணீரின் உயரம்தான் கணக்கு. வட்ட டப் என்றால் ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, 3.14-ஆலும் ஆழத்தாலும் பெருக்க வேண்டும். மீட்டரில் அளந்தால் வரும் விடையை 1,000-ஆல் பெருக்கினால் லிட்டர். ஒரு மீட்டர் குறுக்களவும் அரை மீட்டர் தண்ணீரும் உள்ள டப்பில் 390 லிட்டர்தான் இருக்கும். அல்லிச் செடித் தொட்டிகள், கற்கள் அடைக்கும் இடத்தைக் கழித்துவிடுங்கள்.

மேலே சொன்ன 1,360 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 3 கிராம் என்றால் சுமார் 4 கிலோ உப்பு. ஒரே நாளில் கொட்ட வேண்டாம். மூன்றாகப் பிரித்து, நாளுக்கு ஒரு பங்காக, வாளியில் கரைத்துத் தண்ணீர் ஓடும் இடத்தில் ஊற்றுங்கள். கரையாத கல்லுப்பு அடியில் கிடந்தால் மேயும் மீனுக்குப் புண்ணாகும். ஆம்பல், ஹைட்ரில்லா மாதிரி செடிகள் இந்த உப்பைத் தாங்காது. செடியை வெளியே எடுங்கள், அல்லது மீனை வேறு டப்புக்கு மாற்றுங்கள். ஃபில்டரில் ஜியோலைட் கல் போட்டிருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். அது பிடித்துவைத்த அம்மோனியா முழுவதையும் உப்பு பட்டதும் திரும்ப விட்டுவிடும்.

உப்பு ஆவியாகிப் போகாது. வெயிலில் தண்ணீர் குறைந்தால் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், உப்பு சேர்க்காதீர்கள். தண்ணீரை வெளியேற்றி மாற்றினால் மட்டும், மாற்றிய தண்ணீருக்கு உரிய உப்பு. திறந்த தொட்டியில் மழைதான் பெரிய தலைவலி. ஒரு இரவு கொட்டித் தீர்த்து தொட்டி வழிந்தோடிவிட்டால் உப்பு பாதியாகியிருக்கலாம். ஆர்ஓ தண்ணீர் பார்க்க வாங்கிய டிடிஎஸ் மீட்டர் வீட்டில் கிடந்தால், முழு உப்பும் கரைந்த அன்று ஒரு தடவை அளந்து எழுதி வையுங்கள். மழைக்குப் பின் அந்த எண் எவ்வளவு குறைந்திருக்கிறதோ, அந்த விகிதத்தில் உப்பைச் சேர்த்தால் போதும்.

கண்ணுக்குத் தெரியாதவை

புள்ளியும் இல்லை, பேனும் இல்லை, தண்ணீரும் சரியாக இருக்கிறது, ஆனாலும் மீன் உரசுகிறது. கறுப்பு அல்லது அடர்நிற மீனை மேலிருந்து பார்த்தால் உடம்பில் மெல்லிய சாம்பல் நிற ஆடை போர்த்தியது போல் தெரியும். தோல் எரிச்சலால் மீன் அளவுக்கு மீறிச் சளியைச் சுரக்கிறது. இதற்குப் பின்னால் டிரைக்கோடைனா, கைலோடொனெல்லா, காஸ்டியா போன்ற ஒருசெல் உயிரிகளோ, தட்டைப்புழுக்களோ இருக்கலாம். வெறும் கண்ணால் இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது.

மைக்ரோஸ்கோப் என்றதும் பயப்பட வேண்டாம். 100 மடங்கு பெருக்கினாலே டிரைக்கோடைனாவும் தட்டைப்புழுவும் தெரிந்துவிடும். மனு பிரகாஷ் குழுவினர் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித மைக்ரோஸ்கோப் 140 மடங்கு பெருக்கும். மீனை ஈரத் துணியில் பிடித்து, செவுளுக்குப் பின்னாலிருந்து வால் பக்கமாக, செதில் பெயராமல், கண்ணாடிச் சில்லின் ஓரத்தால் மெல்ல வழியுங்கள். வரும் சளியைத் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டில் வைத்து உடனே பாருங்கள். குழாய்த் தண்ணீர் சேர்த்தாலோ அரை மணி ஆறப்போட்டாலோ உயிரிகள் செத்துக் கரைந்து, ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள். டிரைக்கோடைனா வட்டத் தட்டு மாதிரி, உள்ளே பல் சக்கரத்துடன் சுழன்றுகொண்டே போகும், பார்க்க அழகாகவே இருக்கும். காஸ்டியா மிகச் சின்னது. அதற்கு 400 மடங்கு வேண்டும்.

டிரைக்கோடைனா அதிகம் இருந்தால் தொட்டி அழுக்காக இருக்கிறது என்று பொருள். அடிக்கசடு, மிஞ்சிய தீனி, நெருக்கடி இவற்றில்தான் அது கொழிக்கும். கசடை அள்ளி, மீன் எண்ணிக்கையைக் குறைத்து, மேலே சொன்ன உப்பைப் போட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும். கைலோடொனெல்லா, காஸ்டியா இரண்டுக்கும் முதல் மருந்து உப்புதான்.

உப்புக்கு அடங்காதபோது பொட்டாசியம் பர்மாங்கனேட். 1,000 லிட்டருக்கு 2 கிராம். 1,360 லிட்டர் தொட்டிக்கு 2.7 கிராம், அவ்வளவுதான். ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை என்று போடும் பொருள் இது இல்லை. கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு இல்லாமல் தொடாதீர்கள். இலை, கசடு எல்லாம் அகற்றிய பிறகு, ஏர் பம்ப் ஓட, வெயில் ஏறியதும் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும் வரை வேலை செய்கிறது என்று அர்த்தம். பழுப்பாகிவிட்டால் தீர்ந்துவிட்டது. பிஹெச் மிக அதிகமாக இருக்கும் தண்ணீரில் இது செவுளில் படிந்து மீனைக் கொல்லும். ஃபார்மலினோடு (ஃபார்மால்டிஹைடு கரைசல்) ஒருபோதும் சேர்க்கக் கூடாது. ஃபார்மலினையே நான் வீட்டுத் தொட்டிக்குச் சொல்லமாட்டேன். லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃபார்மலின் போட்டால் 1 மில்லிகிராம் ஆக்சிஜன் காணாமல் போகும். குளங்களுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 15 முதல் 25 மில்லிகிராம். நம் சூட்டில் இருக்கும் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனில் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

எந்த மருந்தானாலும் காலை எட்டு, ஒன்பது மணிக்குப் போடுங்கள். மாலையில் போட்டுவிட்டுத் தூங்கப் போனால், ஆக்சிஜன் மிகக் குறையும் நேரத்தில் தொட்டியைப் பார்க்க ஆள் இருக்காது.

தட்டைப்புழுவில் இரண்டு வகை. தோலில் அதிகம் இருப்பது கைரோடேக்டிலஸ். இது குட்டி போடும். தாயின் வயிற்றில் இருக்கும் குட்டிக்குள்ளேயே அடுத்த குட்டி வளர்ந்துகொண்டிருக்கும் என்பதால் கிடுகிடுவென்று பெருகும். செவுளில் இருப்பது டேக்டிலோகைரஸ், முட்டை இடும். இரண்டையும் கொல்ல பிராசிகுவாண்டெல் நல்ல மருந்து. லிட்டருக்கு 2 முதல் 5 மில்லிகிராம் வரை போடுவது வழக்கம். செடிக்கும் ஃபில்டருக்கும் கெடுதல் செய்யாது. எளிதில் கரையாது என்பதால் ஒரு பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி ஊற்ற வேண்டும். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். குட்டி போடும் வகைக்கு ஒரு தடவையே போதுமானதாக இருக்கும். முட்டையை மருந்து தொடாது என்பதால், முட்டையிடும் வகைக்கு நம் சூட்டில் ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மறுபடி போட வேண்டும். பொரித்த குஞ்சு வளர்ந்து தானே முட்டையிடும் முன் அடுத்த வேளை மருந்து போய்ச் சேர வேண்டும் என்பதே கணக்கு. எந்த வகை என்று தெரியாவிட்டால் முட்டையிடும் வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பேனும் நங்கூரப் புழுவும்

இவை இரண்டும் கண்ணுக்குத் தெரியும், இரண்டும் இறால், நண்டு இனத்தோடு சேர்ந்த உயிரிகள்.

மீன் பேன், அதாவது ஆர்குலஸ், 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை இருக்கும். தட்டையாக, வட்டமாக, கண்ணாடி மாதிரி இருப்பதால் செதிலோடு செதிலாக மறைந்துவிடும். உற்றுப் பார்த்தால் இரண்டு கறுப்புக் கண் புள்ளிகளும் ஓரத்தில் துடிக்கும் கால்களும் தெரியும். இரண்டு உறிஞ்சிகளால் ஒட்டிக்கொண்டு, ஊசி போன்ற முள்ளால் குத்தி ரத்தத்தைக் குடிக்கும். குத்திய இடம் சிவந்து புண்ணாகி, அதில் பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். மீன் தண்ணீரை விட்டுத் துள்ளினால் பேனைத் தேடிப் பாருங்கள்.

இடுக்கியால் பேனை எடுத்துவிடலாம், சுலபம். ஆனால் இது மீனை விட்டு இறங்கி, கல்லிலும் சுவரிலும் வரிசை வரிசையாக முட்டையிடும். நம் சூட்டில் அவை பொரிக்க இரண்டு வாரத்தை ஒட்டி ஆகும், குளிர்ந்த தண்ணீரில் இன்னும் நாளாகும். இங்கேதான் நம் வெயில் நமக்கு உதவுகிறது. இங்கிலாந்தில் மீன்பிடி ஏரிகளில் தண்ணீருக்குள் பலகைகளைத் தொங்கவிட்டு, பேன்கள் அதில் முட்டையிட்ட பின் எடுத்துச் சுத்தம் செய்கிறார்கள். அதையே வீட்டில் ஒரு பழைய டைல்ஸ் துண்டைக் கயிற்றில் கட்டிச் செய்யலாம். வாரம் ஒருமுறை வெளியே எடுத்து, தேய்த்து, ஒரு நாள் முழுக்கக் காயப் போட்டுத் திரும்ப இறக்குங்கள். இரண்டு மூன்று டைல்ஸ் வைத்து மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. தொட்டி சின்னது என்றால் இதைவிட நேரான வழி உண்டு. மீன்களைப் பேன் நீக்கி டப்புக்கு மாற்றி, தொட்டியைக் காலி செய்து, சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்து, நாலைந்து நாள் வெயிலில் காயவிடுங்கள். காய்ந்த முட்டை பொரிக்காது. எந்த மருந்தும் தராத நிச்சயம் இதில் உண்டு.

நங்கூரப் புழுவுக்குப் பெயரில்தான் புழு. லெர்னியா என்ற இந்த உயிரியின் பெண் மட்டும் தலையை மீனின் சதைக்குள் நங்கூரமாகப் பதித்துக்கொண்டு, உடம்பை வெளியே நூல் மாதிரி தொங்கவிடும். நுனியில் இரண்டு சின்ன முட்டைப் பைகள் கவட்டை போலப் பிரிந்து தெரியும். பஞ்சு மாதிரி குச்சம் இருந்தால் பூஞ்சை, ஒற்றை நூலும் அடியில் சிவந்த வீக்கமும் இருந்தால் இது. 25 முதல் 30 டிகிரி இதற்குப் பிடித்த சூடு. அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டில் ஆண்டு முழுக்க இதற்குச் சீசன்தான். முட்டையிலிருந்து அடுத்த பெண் பதியும் வரை இந்தச் சூட்டில் மூன்று வாரத்தை ஒட்டி ஆகும்.

பிடுங்கும்போது மீனின் கண்ணை ஈரத் துணியால் மூடி, புழு தோலுக்குள் நுழையும் இடத்துக்கு மிக நெருக்கமாக இடுக்கியால் பிடித்து, நிதானமாக ஒரே சீராக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து தலை உள்ளேயே நின்றுவிடும். புண்ணில் பஞ்சால் பொவிடோன் அயோடின் ஒரு சொட்டு வைக்கலாம், செவுளிலும் கண்ணிலும் படக் கூடாது.

தண்ணீரில் திரியும் குஞ்சுகளுக்கு டைஃப்ளூபென்சுரான் கலந்த மீன் மருந்து கிடைத்தால் அதுவே நல்லது. இந்த உயிரிகள் வளரும்போது ஓட்டை உரித்துப் புது ஓடு கட்டும். மருந்து அந்தப் புது ஓட்டைக் கட்டவிடாது. பேன் வளர்ந்த பிறகும் ஓடு உரிப்பதால் பெரிய பேனும் சாகும். சதையில் பதிந்துவிட்ட லெர்னியா பெண் ஓடு உரிப்பதில்லை. அதனால் அதைக் கையால்தான் எடுக்க வேண்டும். லேபிளில் சொன்ன அளவு, சொன்ன இடைவெளி, குறைந்தது ஐந்தாறு வாரம் கண்காணிப்பு. மருந்து போட்ட தண்ணீரை வாய்க்காலிலோ ஏரியிலோ விடாதீர்கள், அங்கே இருக்கும் இறாலும் நண்டும் ஓடு உரிப்பவைதான்.

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தையும், மாட்டுக்குப் போடும் உண்ணி மருந்தையும் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் பேன் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. பண்ணைகளில் அப்படிச் செய்கிறார்கள் என்பது உண்மை. பேனைக் கொல்லும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அதில் மிகக் குறுகியது. 400 லிட்டர் டப்பில் ஒரு சொட்டு கூடிப்போனால் காலையில் எல்லா மீனும் மிதக்கும். வேப்பிலை போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. எந்த இலையில் எவ்வளவு சத்து என்று அளக்க முடியாது, அழுகும் இலை ஆக்சிஜனைத் தின்னும். டெட்ராசைக்ளின் மாத்திரையும் ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது, அது பாக்டீரியாவுக்கானது.

மீன்கள் வரிசையாகச் சாகின்றன, எதுவென்றே தெரியவில்லை என்றால் வீட்டிலேயே மருந்து மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்துக்குச் சென்னை மாதவரத்தில் வளாகம் இருக்கிறது, தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. போன் செய்து கேட்டுவிட்டு, நோய் கண்ட உயிருள்ள மீனைத் தொட்டித் தண்ணீரோடு கொண்டு போங்கள். செத்து நாலு மணி நேரமான மீனில் ஒட்டுண்ணி இறங்கிப் போயிருக்கும்.

எங்கிருந்து வருகிறது

பெரும்பாலும் நாமே காசு கொடுத்து வாங்கி வருகிறோம். சென்னைக் கொளத்தூரிலோ உங்கள் ஊர்க் கடையிலோ வாங்கிய மீன் ஒரு பண்ணையிலிருந்து வந்து, பல பண்ணை மீன்கள் கலந்த தொட்டியில் நின்று, கவரில் குலுங்கி உங்களிடம் வருகிறது. கடைக்காரர் நல்லவராக இருக்கலாம், மீனும் நன்றாகவே தெரியலாம். இருந்தாலும் தனி டப்பில் மூன்று முதல் நாலு வாரம் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டியில் விடுங்கள். வெள்ளைப்புள்ளி ஒரு வாரத்திலேயே வெளியே வந்துவிடும், லெர்னியாவுக்குத்தான் இத்தனை நாள். அந்த டப்புக்குத் தனி வலை, தனி வாளி. கவர்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

செடி வழியாகவும் வரும். மீன் இருந்த குளத்திலிருந்து கொண்டுவந்த அல்லி, வேலம்பாசியில் பேன் முட்டையும் அட்டையும் ஒட்டியிருக்கும். மீன் இல்லாத டப்பில், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிக்கொண்டு, ஒரு மாதம் வைத்திருந்தால் பொரிக்கும் குஞ்சுகள் மீன் கிடைக்காமல் செத்துவிடும். ஏரியில் வடித்து எடுத்த உயிர்த் தீனியில் லெர்னியா, பேன் குஞ்சுகள் கலந்தே வரும், பார்த்துப் பிரிக்க முடியாது. வீட்டிலேயே ஒரு வாளியில் கொசுப்புழு வளர்த்துக் கொடுக்கலாம், அது மீனுக்குப் பாதுகாப்பான தீனிதான். வாளியை நாள்தோறும் வடிக்கத் தவறினால் டெங்கு சோதனைக்கு வரும் மாநகராட்சி ஊழியரிடம் என்ன பதில் சொல்வது என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.